எண்ணிப் பார்த்த மனிதர்

சிகரெட் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கைப் படம் நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பது இன்று பள்ளிச் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு அது மருத்துவர்களுக்கே தெரியாது. அக்காலத்துப் பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களில் பெரும்பாலோர் தாமே புகைபிடிப்பவர்கள். அந்த அறியாமையை அகற்றியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் மருத்துவர் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அவர் பெற்றிருந்த பட்டம் பொருளாதாரத்தில். அதுவும் நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாள்களில் அஞ்சல் வழியே படித்துப் பெற்றது. அவர் பெயர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலமெல்லாம், இரு நிகழ்வுகள் சேர்ந்து நடப்பது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க ஹில்லின் வாழ்க்கையைத்தான் நாடுவேன். பாடம் பணவீக்கமாகவோ வேலையின்மையாகவோ இருக்கும். எடுத்துக்காட்டு மட்டும் லண்டன் மருத்துவமனைகளிலிருந்து வரும். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இருந்தும், பொதுநலம் குறித்த விவாதங்களில் போதிய சான்று இல்லை என்ற குரல் எழும்போதெல்லாம் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு தெரிந்தால் செயலில் இறங்கலாம் என்ற கேள்விக்கு அவரைப்போல நிதானமாக விடை தேடியவர்கள் குறைவு.

ஹில் 1897 ஜூலை 8 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை லெனார்டு ஹில் பெயர்பெற்ற உடலியல் அறிஞர். பாட்டனார் ஜார்ஜ் பர்க்பெக் ஹில், சாமுவேல் ஜான்சனைப் பற்றிய நூல்களைப் பதிப்பித்த இலக்கிய அறிஞர். அந்தப் பாட்டனாரின் பெரிய தந்தை முறையினரான ரோலண்டு ஹில், 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் முறையைக் கொண்டுவந்து, எளிய மனிதரும் கடிதம் எழுதலாம் என்ற நிலையை உருவாக்கியவர். அறிவும் பொதுத்தொண்டும் ஊறிய குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை தந்தையைப் பின்பற்றி மருத்துவம் படிக்க விரும்பியதில் வியப்பில்லை.

முதல் உலகப் போர் அந்த விருப்பத்தைக் கலைத்தது. 1916-இல் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்த இளைஞர் ஹில், ஏஜியன் கடல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரைத் தாக்கியது எதிரியின் குண்டன்று, காசநோய். 1917-இல் தாயகம் திரும்பியபோது அவர் பிழைப்பார் என்று எவரும் நம்பவில்லை. அந்நாளில் காசநோய்க்கு மருந்து இல்லை. ஓய்வும் நல்ல காற்றும் ஊட்டமான உணவுமே சிகிச்சை. முழுமையான உடற்குறை உள்ளவர் எனக் கணித்து அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. விரைவில் இறந்துவிடுவார் என்று கருதப்பட்ட அந்த மனிதர், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு வாழ்ந்தார்.

நோய் தணிந்தபோதும் மருத்துவக் கல்வியின் உழைப்பை அவருடைய உடல் தாங்காது என்பது தெளிவாயிற்று. தந்தையிடம் முன்னர் பணியாற்றிய மேஜர் கிரீன்வுட் என்ற அறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். மேஜர் என்பது அவருடைய இயற்பெயரே; படைப் பதவி அன்று. மருத்துவரான அவர் புள்ளியியலில் ஈடுபாடு கொண்டு நோய்களைக் கணக்கிடும் துறையை வளர்த்து வந்தவர். வீட்டிலிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டத்துக்குப் படிக்குமாறு அவர் ஹில்லுக்கு அறிவுரை கூறினார். 1922-இல் ஹில் பட்டம் பெற்றார். பொருளாதார அறிஞராகும் எண்ணம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மருத்துவ உலகுக்குள் நுழைய முன்வாசல் அடைபட்டுப் போனதால், பக்கவாட்டில் இருந்த சிறு கதவு ஒன்றைத் திறந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கிடைத்த முதல் ஆய்வுப் பணி எஸ்ஸெக்ஸ் மாவட்டக் கிராமங்களைப் பற்றியது. தூய காற்றும் திறந்த வெளியும் உள்ள அந்தக் கிராமப்புறத்தில் இளம் வயதினரின் இறப்பு விகிதம் ஏன் உயர்ந்திருக்கிறது என்பது கேள்வி. கிராமம் நோயைத் தருகிறது என்று எளிதாக முடிவுகட்டியிருக்கலாம். ஹில் இடப்பெயர்வை ஆராய்ந்தார். உடல்வலு மிக்க இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டால், ஊரில் எஞ்சியிருப்போரில் நோயுற்றவர்களின் பங்கு தானாகவே கூடிவிடும். நகரத்தில் நோய்வாய்ப்பட்டவர் சாவதற்கு ஊர் திரும்பினால், அந்த இறப்பும் கிராமத்தின் கணக்கில் சேரும். ஊர் மாறாமலே ஊரின் எண் மாறிவிடும். யாரை எண்ணுகிறோம், யார் விடுபட்டுப் போனார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்ற பாடம் அவர் வாழ்வின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. ஹில் இரண்டையும் ஒன்றாகவே செய்தார்.

லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கிரீன்வுட்டுடன் பணியில் சேர்ந்த அவர், மருத்துவர்களுக்குப் புள்ளியியலைப் புரியவைப்பதைத் தம் கடமையாகக் கொண்டார். 1937-இல் லான்செட் மருத்துவ இதழில் தொடராக அவர் எழுதிய கட்டுரைகள் நூலாக வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டன. அந்த நூலில் கணிதச் சமன்பாடுகளைவிடப் பகுத்தறிவே மிகுதி. கணக்கைக் கண்டால் அஞ்சும் மருத்துவரும் அதைப் படித்துவிட முடியும். 1945-இல் கிரீன்வுட் ஓய்வு பெற்றபின் அவரே அத்துறையின் பேராசிரியரானார். மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் புள்ளியியல் பிரிவும் அவர் பொறுப்புக்கு வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த இரு பணிகள் மருத்துவத்தின் போக்கையே மாற்றின. முதலாவது, அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்ற அதே காசநோயைப் பற்றியது. அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து போருக்குப் பிந்தைய பிரிட்டனுக்கு மிகக் குறைந்த அளவிலேயே கிடைத்தது. வாங்க டாலர் இல்லை. நோயாளிகள் எல்லோருக்கும் கொடுக்க இயலாது என்ற நிலையில், யாருக்குக் கொடுப்பது? மருத்துவரே தேர்ந்தெடுத்தால் தெரிந்தவருக்கும், பிழைக்கக்கூடியவர் என்று அவருக்குத் தோன்றியவருக்கும் போகும். அதன்பின் குணமானது மருந்தாலா, தேர்வாலா என்று எவராலும் சொல்ல முடியாது. ஹில் தேர்வைச் சீட்டுக் குலுக்குவதுபோன்ற தற்செயல் முறைக்கு விட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய முடிவு, முன்பே எழுதி ஒட்டப்பட்ட உறைக்குள் இருந்தது. நோயாளி சேர்க்கப்படும்வரை உறை பிரிக்கப்படவில்லை.

அந்த ஆய்வில் 107 பேர் இடம்பெற்றனர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தனர். மருந்து பெறாதவர்களில் இறந்தவர்கள் 14 பேர். 1948-இல் வெளியான இந்த முடிவு, புதிய மருந்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கே முன்மாதிரியாயிற்று. எல்லோருக்கும் போதாத மருந்தைக் குலுக்கல் முறையில் பகிர்வதே நியாயமான வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார். பற்றாக்குறையான பொருளைப் பங்கிடும் கேள்வி பொருளாதாரத்தின் மூலக் கேள்வி. அஞ்சல் வழியில் படித்த பாடம் முழுவதும் வீண்போகவில்லை.

அந்த முறையின் பயன் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1956-இல் சென்னையில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் இரு பிரிவாக, தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை. நல்ல உணவும் ஓய்வும் பெற்ற சானடோரியப் பிரிவினருக்கு இணையாக, வீட்டில் இருந்தவர்களும் குணமடைந்தனர். காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கத் தேவையில்லை என்ற உண்மை, உலகத்துக்குச் சென்னையின் எளிய மக்களால் கிடைத்தது.

ஹில்லின் இரண்டாவது பெரும்பணியே அவரைப் புற்றுநோய்த் தடுப்பின் வரலாற்றில் நிறுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-இல் அந்த எண் 9,287. கால் நூற்றாண்டில் 15 மடங்கு. நோயறியும் முறைகள் மேம்பட்டதால் வந்த உயர்வு என்று சிலர் கருதினர். ஆலைப் புகை, மோட்டார் வாகனப் புகை, சாலைகளில் போடப்பட்ட தார் ஆகியவற்றின்மீதும் ஐயம் விழுந்தது. புகையிலை அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவே. மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இதை ஆராயும் பொறுப்பை ஹில்லிடம் ஒப்படைத்தது. ரிச்சர்டு டால் என்ற இளம் மருத்துவரை அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். தொடக்கத்தில் டாலின் ஐயம் தார்ச் சாலைகள்மீதே இருந்தது.

இங்கே குலுக்கல் முறை உதவாது. பாதிப் பேரைப் புகைக்கச் சொல்லி, மீதிப் பேரைத் தடுத்து, இருபது ஆண்டுகள் காத்திருக்க எந்த நியாயமும் இடம் தராது. மக்கள் தாமாக வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே விடையைப் பிரித்தெடுக்க வேண்டும். லண்டனின் 20 மருத்துவமனைகளில், நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரிடமும், அதே வயதும் பாலினமும் கொண்ட, வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 709 பேரிடமும் ஒரே வகையான கேள்விகள் கேட்கப்பட்டன. புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் இருவர் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்த 649 ஆண்களில் 27 பேர். வேறுபாடு சிறிதுபோலத் தோன்றலாம். ஏறக்குறைய எல்லா ஆண்களும் புகைத்த ஒரு நாட்டில் அதுவே பெரிய வேறுபாடு. புகைக்கும் அளவு கூடக் கூட நோயின் வாய்ப்பும் ஏறியது.

ஹில்லின் மனப்பாங்கை அறிய அந்த ஆய்வின் ஒரு சிறு பகுதி போதும். கேள்வி கேட்டவர்களுக்கு, எதிரில் இருப்பவர் புற்றுநோயாளி என்பது தெரிந்திருந்தால், அவர்களை அறியாமலே புகைப்பழக்கத்தைக் கூடுதலாகக் குறித்திருக்கக் கூடுமே என்ற ஐயம் நியாயமானது. தொடக்கத்தில் நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பின்னர் அந்நோய் இல்லை என்று தெரியவந்த சிலர் அங்கே இருந்தனர். அவர்களுடைய விடைகளைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அவை புற்றுநோய் இல்லாதவர்களின் விடைகளையே ஒத்திருந்தன. கேட்டவரின் சாய்வு முடிவைக் கெடுக்கவில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. பிறர் கேட்கும் முன்பே தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்வது ஹில்லின் இயல்பு.

1950 செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரின் ஆய்வும் அதே ஆண்டில் அதே முடிவைச் சொன்னது. அதற்கும் முன்பு ஜெர்மனியில் இத்தகைய ஆய்வுகள் நடந்திருந்தன. போர்க்காலத்தில் அவை கவனிப்பாரின்றிப் போயின. ஹில்லும் டாலும் அத்துடன் நிறுத்தவில்லை. லண்டனுக்கு மட்டும் உரிய விளைவோ என்ற ஐயத்தைத் தீர்க்க வேறு நகரங்களிலும் ஆய்வை நடத்தி, 1952-இல் 1,465 இணைகளின் கணக்கை வெளியிட்டனர். முடிவு மாறவில்லை.

எனினும் ஒரு குறை இருந்தது. நோய் வந்தபின் பழையதை நினைவுகூரச் சொல்லும் முறையில் நினைவுப் பிழைக்கு இடமுண்டு. ஆகவே, நோய் வருமுன்பே மக்களைக் கேட்டு எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பது என்று ஹில் முடிவு செய்தார். யாரைக் கேட்பது? மருத்துவர்களையே கேட்டார். பதிவேட்டில் அவர்களுடைய முகவரி இருக்கும். இறந்தால் தகவல் கிடைக்கும். இறப்பின் காரணமும் சரியாகப் பதிவாகும். 1951 அக்டோபரில் ஏறத்தாழ 59,600 மருத்துவர்களுக்குச் சில எளிய கேள்விகள் கொண்ட கடிதம் சென்றது. 40,000-க்கும் மேற்பட்டோர் பயன்படத்தக்க விடை அனுப்பினர். பென்னி அஞ்சல் கண்ட குடும்பத்தின் வழித்தோன்றல், அஞ்சலையே ஆய்வுக் கருவியாக்கிவிட்டார்.

1954-இல் முதல் அறிக்கை வெளியானது. அதற்குள் நுரையீரல் புற்றுநோயால் 36 ஆண் மருத்துவர்கள் இறந்திருந்தனர். அவர்களில் புகைபிடிக்காதவர் ஒருவர்கூட இல்லை. 1956 அறிக்கையின்படி, மிகுதியாகப் புகைப்பவர்களிடம் அந்நோயின் இறப்பு விகிதம், புகைக்காதவர்களைவிட 20 மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பதை விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த இந்த ஆய்வின் நிறைவறிக்கை 2004-இல் வெளியானபோது ஹில் இல்லை. வாழ்நாள் முழுதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார் என்றும், முப்பது வயதில் விட்டுவிட்டால் ஏறக்குறைய முழு இழப்பையும் தவிர்க்கலாம் என்றும், அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டுகள் மிச்சம் என்றும் அது கூறியது.

சான்று சேர்ந்த வேகத்தில் செயல் வரவில்லை. 1954 பிப்ரவரியில் இந்த ஆய்வுகளின் முடிவைப் பொதுமக்களுக்கு அறிவித்த பிரிட்டிஷ் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியாட், அந்தச் செய்தியாளர் கூட்டத்திலேயே சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். புகையிலை வரி அரசின் கருவூலத்துக்குப் பெரும் வருவாய். எதிர்ப்பு அறிவுலகிலிருந்தும் வந்தது. புள்ளியியலின் பேரறிஞர் ரொனால்டு ஃபிஷர் இந்த முடிவை ஏற்கவில்லை. வேளாண் சோதனைகளில் தற்செயல் பகிர்வு முறையை நிலைநாட்டியவரே அவர்தாம். புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு தரக்கூடும் என்று அவர் வாதிட்டார். அவர் குழாயில் புகைப்பவர். புகையிலை உற்பத்தியாளர் அமைப்பின் ஆலோசகராகவும் இருந்தார். அதனாலேயே அவர் வாதத்தைத் தள்ளிவிடுவது முறையாகாது. வாதத்தை வாதமாகவே எடுத்துக்கொண்டாலும் அது நிற்கவில்லை. பரம்பரைக் கூறு கால் நூற்றாண்டில் 15 மடங்கு பெருகாது. புகைப்பதை விட்ட அன்று அது மாறிவிடுவதும் இல்லை. ஆபத்தோ, விட்டபின் குறைந்தது.

இந்த நெடிய விவாதத்தின் கனியாக ஹில் 1965-இல் ஆற்றிய உரை, இன்றும் உலகெங்கும் பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் படிப்பது. ஒரு தொடர்பைக் காரணம் என்று கொள்ளுமுன் நோக்க வேண்டிய ஒன்பது கோணங்களை அதில் அவர் வகுத்தார். தொடர்பு எவ்வளவு வலுவானது? வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மக்களிடம், வெவ்வேறு ஆய்வாளர் கண்டாலும் அதுவே தென்படுகிறதா? காரணம் முந்தியும் விளைவு பிந்தியும் வருகின்றனவா? அளவு கூடினால் விளைவும் கூடுகிறதா? ஏற்கெனவே அறிந்தவற்றோடு பொருந்துகிறதா? இவைபோன்ற கேள்விகள். காரணம் முந்தி வர வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் விதியாக்கிக்கொள்ளும்படி இவை அமையவில்லை. ஒன்பதுக்கு ஒன்பது மதிப்பெண் பெற்றால்தான் தேர்ச்சி என்று அவர் சொல்லவில்லை. புள்ளியியல் சோதனைகளை மந்திரம்போல ஓதுவதையும் அவர் கண்டித்தார்.

என் துறையின் பார்வையில், அந்த உரையின் கடைசிப் பகுதியே தலையாயது. எவ்வளவு சான்று இருந்தால் செயல்படலாம் என்பது, செயலின் விலையைப் பொறுத்தது என்று அவர் விளக்கினார். கருவுற்ற பெண்களின் குமட்டலுக்குத் தரும் மருந்தின்மீது சிறு ஐயம் எழுந்தாலே அதை நிறுத்திவிடலாம்; நிறுத்துவதால் இழப்பு சொற்பம். தொழிற்சாலையில் ஒரு பொருள் புற்றுநோய் தரும் என்று நியாயமான அளவு சான்று இருந்தால் அதை மாற்றலாம். மக்கள் விரும்பிச் செய்யும் ஒன்றை, புகைப்பதையோ உண்பதையோ, விடச் செய்வதற்கு மிக வலுவான சான்று வேண்டும். அறிவியல் அறிவு எப்போதும் முழுமையற்றது, நாளை திருத்தப்படக்கூடியது. அதைக் காரணமாகக் காட்டி, இன்று கையில் இருக்கும் அறிவைப் புறக்கணிக்கவோ, இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடவோ நமக்கு உரிமையில்லை என்று அவர் முடித்தார். காத்திருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் முடிவெடுப்பவர் கொடுப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு வினா எழும். ஹில் ஆராய்ந்தவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்கள். படித்தவர்கள், வசதியானவர்கள், பெரும்பாலும் ஆண்கள். விழுப்புரத்து விவசாயக் கூலிக்கும் அது பொருந்துமா? பிற மக்களிடமும் அதே விளைவு தென்படுகிறதா என்று கேட்க வேண்டும் என்பது ஹில்லே வகுத்த கோணம். அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டார்கள். மருத்துவர் வி. கஜலட்சுமியும், டாலின் மாணவர் மரபில் வந்த ரிச்சர்டு பீட்டோ உள்ளிட்டோரும் 1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களுடன் ஒப்பிட்டனர். 2003-இல் லான்செட் இதழில் வெளியான அந்த முடிவு எதிர்பாராதது. இங்கே புகை மிகுதியாகக் கொன்றது காசநோயின் வழியாக. புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களிடம் காசநோய் இறப்பு நான்கு மடங்குக்கும் மேல். நடுவயது ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குப் புகைப்பதே காரணம் என்று அவர்கள் கணித்தனர். பீடியும் சிகரெட்டும் இதில் வேறுபடவில்லை.

புகை எங்கும் கொல்கிறது. எந்த நோயின் உருவில் கொல்கிறது என்பது மக்களுக்கு மக்கள் மாறுகிறது. லண்டன் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்த உண்மை நமக்குத் தெரிந்திருக்காது. ஆகவேதான் ஒவ்வொரு சமூகத்தையும் அதன் இடத்திலேயே எண்ண வேண்டியிருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் சென்னை நகருக்கான மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. பின்னர் அப்பணி மாநிலம் முழுவதுக்கும் விரிந்தது. மருத்துவமனை தன்னிடம் வந்தவரை மட்டுமே அறியும். வராதவரையும், பாதியில் சிகிச்சையை விட்டவரையும், குணமாகிப் பல ஆண்டுகள் வாழ்பவரையும் அறியப் பதிவேடே வழி. தொடர்பு விட்டுப்போன நோயாளி நலமாக இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று வீடு தேடிச் செல்லும் களப்பணியாளர் இல்லாவிட்டால், சிகிச்சையின் வெற்றி பற்றி நாம் சொல்லும் எண்கள் எஸ்ஸெக்ஸ் கிராமத்தின் இறப்பு விகிதம்போலவே நம்மை ஏமாற்றும். திருப்பூரில் உழைத்து நோயுற்று, சாவதற்குச் சொந்த ஊர் திரும்பும் தொழிலாளி எந்தக் கணக்கில் சேர்கிறார் என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

செயலின் விலை பற்றிய ஹில்லின் கருத்தும் நமக்கு அண்மையானது. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர். பீடியின்மீது வரியைக் கூட்டக் கூடாது என்பதற்கு அவர்களுடைய வாழ்வே காரணமாகக் காட்டப்படுகிறது. அந்தக் கவலை பொய்யன்று. ஆனால், அந்தப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தர ஆகும் செலவை ஒரு தட்டிலும், பீடியால் கணவனையும் மகனையும் இழக்கும் குடும்பங்களின் இழப்பை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்தோமா? சான்று போதவில்லை என்று இன்று எவரும் சொல்ல முடியாது. 1950 முதல் அது சேர்ந்துகொண்டே வருகிறது. குறைவது சான்று அன்று. செலவை ஏற்கும் துணிவு.

ஹில்லுக்கு 1954-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதியும் 1961-இல் சர் பட்டமும் கிடைத்தன. மருத்துவம் படிக்காத அவரிடமிருந்து மருத்துவர்களின் இரு தலைமுறைகள் ஆதாரத்தை எடைபோடக் கற்றன. அவர் அவசரப்பட்டவரும் அல்லர், தயங்கி நின்றவரும் அல்லர். தம் முடிவைத் தாமே நான்கு வழிகளில் சோதித்தார். சோதனையில் தேறியபின் அதற்குரிய செயலைக் கேட்கத் தயங்கவில்லை. இருபது வயதில் பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டவர், 1991 ஏப்ரல் 18 அன்று தம் 93-ஆவது வயதில் காலமானார். அவர் கொடுத்துச் சென்ற அளவுகோல் நம் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு நம் மக்களை ஒருவர் விடாமல் எண்ணுவதும், எண்ணியதன்படி நடப்பதும் நம் கடன்.